கைபேசியும் மாணவியர் மனநலமும்

விஞ்ஞானம் நம் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்த கருவிகள் பல. வானொலி வந்தது, அதைக் கூடத்தில் வைத்து வீட்டார் அனைவரும் கேட்டோம். தொலைக்காட்சி வந்தது, ஊராட்சி மன்றக் கட்டடத்தின் முன் பாய் விரித்து ஊரே அமர்ந்து பார்த்தது. தொலைபேசி வந்தது, அவசரச் செய்தி என்றால் கடைக்காரர் வீட்டுக்கே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். கைபேசி மட்டும் வேறு விதமாக வந்தது. அது தனியே பார்ப்பதற்கென்றே வந்த கருவி. அக்காள் பார்ப்பது அருகில் படுத்திருக்கும் தங்கைக்குத் தெரியாது. அவள் கண் கலங்கினால் எதனால் என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. இணையத்தினால் மாணவியர் மனத்துக்கு வரும் தீங்கைப் பற்றி எழுத அமர்ந்த எனக்கு, அத்தீங்கில் பெரும்பகுதி இந்தத் தனிமையிலிருந்தே பிறக்கிறது என்று தோன்றுகிறது.

நம் தருமபுரி மாவட்டத்துப் பெண்பிள்ளைகளின் கைக்கு அது வந்த கதை நெடுங்கதை அன்று. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் இணையத்தை முதலில் இலவசமாகவும் பிறகு மலிவாகவும் கொடுக்கத் தொடங்கியது. அப்போதும் கைபேசி பெரும்பாலும் அப்பா கையிலும் அண்ணன் கையிலுமே இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் கல்வித் தொலைக்காட்சிக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் இடம் மாறியது. வீட்டுப்பாடம் கைபேசியில் வரும். எழுதி முடித்துப் படமெடுத்து அனுப்ப வேண்டும். புளி உலுக்கிய கூலியிலும் ஆடு விற்ற பணத்திலும் பெற்றோர் கைபேசி வாங்கிக் கொடுத்தனர். மலையூர்ப் பிள்ளைகள் ‘டவர்’ கிடைக்கும் மேட்டைத் தேடி ஏறி உட்கார்ந்து படித்தனர். 2021 செப்டம்பர் 1-ஆம் நாள் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகள் மீண்டும் தொடங்கின. நவம்பர் 1-ஆம் நாள் சிறு வகுப்புகளும் தொடங்கின. பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினர். கைபேசி கடைக்குத் திரும்பவில்லை.

அதனால் விளைந்த நன்மையை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. நம் மாணவியர் பலரின் தந்தையர் பெங்களூரிலும் ஓசூரிலும் திருப்பூரிலும் வேலை செய்கின்றனர். முன்பெல்லாம் பண்டிகைக்குப் பண்டிகை காணும் அப்பாவின் முகத்தை இன்று இரவு எட்டு மணிக்குக் காண முடிகிறது. இயற்பியலில் விளங்காத பாடத்தை நான்கு முறை திருப்பிக் கேட்க முடிகிறது. வகுப்பில் நான்காம் முறை கேட்க எந்த மாணவிக்குத் துணிவு வரும்? ஆகவே கைபேசி முழுவதும் தீமை என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வது எளிது. ஆனால் அது உண்மையன்று.

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு ஒரு சிறு பயிற்சி கொடுத்தேன். ஒரு வாரம் குறிப்பேட்டில் எழுதி வர வேண்டும். எத்தனை மணி நேரம் பார்த்தாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பாதியாகக் குறைத்து எழுதுவார்கள் என்பது ஆசிரியைக்குத் தெரியாதா! கைபேசியை எடுக்குமுன் மனம் எப்படி இருந்தது, கீழே வைத்தபின் எப்படி இருந்தது என்பதை மட்டும் எழுதச் சொன்னேன். அப்பாவிடமோ பெரியம்மா மகளிடமோ பேசியவர்கள் ‘சந்தோஷம்’ என்று எழுதியிருந்தார்கள். பாடம் கேட்டவர்கள் ‘பரவாயில்லை’ என்று எழுதியிருந்தார்கள். ரீல்ஸ் என்னும் குறும்படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டே போனவர்கள் எழுதியவை வேறு: ‘சலிப்பு’, ‘தலைவலி’, ‘என்ன பார்த்தேன் என்றே ஞாபகம் இல்லை’. ஒரு மாணவி இரண்டே சொற்கள் எழுதியிருந்தாள்: ‘நான் கறுப்பு.’

அந்த இரண்டு சொற்களிலிருந்தே பாடத்தைத் தொடங்குவோம்.

பிறரோடு ஒப்பிட்டே மனிதன் தன்னை அளந்துகொள்கிறான் என்பதை அமெரிக்க உளவியல் அறிஞர் லியோன் பெஸ்டிங்கர் 1954-ஆம் ஆண்டு ஒரு கொள்கையாக எழுதினார். ஒப்பீடு புதியதன்று. உங்கள் பாட்டியும் பக்கத்து வீட்டுக்காரியின் சேலையைப் பார்த்தவர்தாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரியை அவர் குழாயடியிலும் பார்த்தார், காய்ச்சலில் படுத்தபோதும் பார்த்தார், கடன்காரன் வாசலில் நின்றபோதும் பார்த்தார். இன்று பதினான்கு வயதுப் பெண் தன்னை யாரோடு ஒப்பிடுகிறாள்? நாற்பது படம் எடுத்து அதில் ஒன்றைத் தேர்ந்து, ‘பில்டர்’ என்னும் வசதியால் தோலை வெளுப்பாக்கி, முகப்பருவை அழித்து, கன்னத்தைக் குறுக்கி வெளியிட்ட ஓர் உருவத்தோடு ஒப்பிடுகிறாள். அப்படிப்பட்ட முகம் உலகில் யாருக்கும் இல்லை. படத்துக்கு நின்ற அந்தப் பெண்ணுக்கே இல்லை. பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் நிறத்தைப் பார்க்கும் பழக்கம் நம் வீடுகளில் ஏற்கெனவே உண்டு. கைபேசி அந்தப் பழைய புண்ணைத்தான் கீறுகிறது. இதில் வீட்டாரின் குற்றமும் பாதி உண்டு என்பது என் எண்ணம்.

இன்ஸ்டாகிராமை நடத்தும் நிறுவனம் தானே உள்ளுக்குள் நடத்திய ஆய்வுகள் 2021 செப்டம்பரில் வெளியே வந்தன. அங்கே பணிபுரிந்த பிரான்சஸ் ஹாகன் என்ற பெண்மணி அவற்றை வெளிக்கொணர்ந்தார். தம் உடலைப் பற்றி ஏற்கெனவே வருந்திக்கொண்டிருந்த பதின்வயதுப் பெண்களில் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அவ்வருத்தத்தை மேலும் கூட்டியது என்று கூறியதாக அவற்றுள் ஒரு குறிப்பு இருந்தது. இது எதிரிகள் சொன்னதன்று. செய்தவர்களே எழுதி வைத்தது.

மறைக்கல்வி வகுப்பில் புனித கார்லோ அக்குதிஸ் பற்றிக் கேட்டிருப்பீர்கள். 1991-இல் பிறந்து, 2006-இல் பதினைந்து வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்த இத்தாலியச் சிறுவர் அவர். திருத்தந்தை 14-ஆம் லியோ 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் அவரைப் புனிதராக அறிவித்தார். கணினியில் வல்லவர்; நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையதளம் அமைத்தவர். அவரே கணினி விளையாட்டுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் என்று தமக்கு வரம்பு கட்டிக்கொண்டாராம். எல்லோரும் மூலப்பிரதிகளாகப் பிறக்கிறார்கள், பலர் நகல்களாக இறக்கிறார்கள் என்ற கருத்தை அவர் அடிக்கடி சொல்வதுண்டு. ‘நான் கறுப்பு’ என்று எழுதிய பிள்ளையிடம் நான் இதைச் சொன்னேன். அவள் சிரித்தாள், உடனே நம்பினாள் என்று சொல்ல மாட்டேன்.

பிடித்து நிறுத்தும் விசை

‘போதும் என்று வைத்துவிட வேண்டியதுதானே’ என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். வைக்க முடியாதபடியே அது செய்யப்பட்டிருக்கிறது என்பதை அறிந்தால் அப்படிக் கேட்க மாட்டோம்.

ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலார் கூண்டிலிட்ட புறாக்களைக் கொண்டு பல சோதனைகள் செய்தார். ஒரு வில்லையைக் கொத்தினால் தானியம் விழும். ஒவ்வொரு கொத்துக்கும் தானியம் நிச்சயம் என்றால் புறா அளவோடுதான் கொத்தும். எந்தக் கொத்துக்கு விழும் என்று தெரியாதபடி மாற்றிவிட்டால் அது ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். கைபேசியை எடுத்து எடுத்துப் பார்க்கும் நம் நிலையும் அதுவே. சில சமயம் ஒன்றும் இல்லை. சில சமயம் தோழியின் செய்தி. சில சமயம் ‘லைக்’. வருமா வராதா என்ற ஐயமே நம்மை இழுக்கிறது. முகநூல் அந்த ‘லைக்’ பொத்தானை 2009 பிப்ரவரியில் கொண்டுவந்தது.

புத்தகத்துக்குப் பக்க முடிவு உண்டு. செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. விரலால் தள்ளத் தள்ள மேலும் மேலும் வந்துகொண்டே இருக்கும் முடிவற்ற பக்கத்தை 2006-ஆம் ஆண்டளவில் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின் என்பவர். மக்களின் நேரத்தை இவ்வளவு விழுங்கும் என்று எண்ணவில்லையே எனப் பின்னாளில் அவரே வருந்திப் பேசினார். எனவே பிள்ளையின் மனவுறுதிக் குறைவு மட்டுமே இதற்குக் காரணம் என்று எண்ணாதீர்கள். எதிரே பல்லாயிரம் பொறியாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் பதினாலு வயதுப் பெண் ஒருத்தி.

இதனால் முதலில் கெடுவது தூக்கம். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ளோர் நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரம் உறங்க வேண்டும் என்பது மருத்துவர் கருத்து. நம் கிராமத்துப் பிள்ளை காலை ஐந்தரைக்கு எழுந்து, வாசல் தெளித்து, தண்ணீர் பிடித்து, ஏழு மணிப் பேருந்தைப் பிடிக்கிறாள். பன்னிரண்டு மணிவரை போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்தால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். தூக்கம் குறைந்த மூளை சிறு சொல்லுக்கும் கலங்கும், மறதி வரும், எரிச்சல் வரும். மூன்றாம் பாடவேளையில் மேசைமீது சாயும் தலைகளை நாங்கள் தினமும் காண்கிறோம். விடுதி மாணவியரிடம் இது குறைவு. ஆனால் விடுமுறை முடிந்து திரும்பும் முதல் வாரத்தில் அவர்களும் சாய்கிறார்கள்!

இத்தனையும் சொன்ன பின், ஆய்வாளர்கள் ஒருமித்த கருத்துடையவர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ பிரிபில்ஸ்கி என்ற இருவர் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இளையோர் பற்றிய தகவல்களை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டனர். இளையோரின் மனநல வேறுபாட்டில் அதிகமாகப் போனால் 0.4 விழுக்காடே மின்னணுக் கருவிகளோடு தொடர்புடையது. உருளைக்கிழங்கு தின்பதற்கும் ஏறக்குறைய அவ்வளவு தொடர்பு தெரிகிறது என்று அவர்கள் எழுதினர். மறுபுறம், 2018-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில் நான்கு வாரம் முகநூலை நிறுத்தியவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம் மிஞ்சியது. மனநிறைவும் சிறிதளவு கூடியது. சிறிதளவுதான். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவரிடம் காவிரியின் சராசரி ஆழத்தைக் கேட்டுப் பாருங்கள், அவர் சிரிப்பார். எந்த இடத்தில் சுழல் இருக்கிறது என்பதே அவருக்கு வேண்டும். நாமும் இங்கே சுழலைத்தான் தேட வேண்டும்.

நம் மாவட்டத்துக்கு அருகிலேயே அத்தகைய சுழலில் சிக்கியவர்களைக் கவனிக்கும் ஓரிடம் உண்டு. பெங்களூரில் உள்ள தேசிய மனநல மற்றும் நரம்பியல் மருத்துவக் கழகம், அதாவது நிம்ஹான்ஸ், 2014-ஆம் ஆண்டு ‘ஷட்’ என்ற பெயரில் தனி மருத்துவப் பிரிவு தொடங்கியது. தொழில்நுட்பத்தை ஆரோக்கியமாகப் பயன்படுத்துவதற்கான சேவை என்பதே அப்பெயரின் விரிவு. பயன்பாடு நோயாக மாறுகிறதா என்று அறிய மருத்துவர்கள் சிலவற்றைக் கவனிக்கிறார்கள்: அடங்காத ஏக்கம், நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமை, தீங்கு தெரிந்தும் தொடர்வது, மற்றெதிலும் நாட்டம் இல்லாமை. உலக நலவாழ்வு நிறுவனம் கணினி விளையாட்டு அடிமைத்தனத்தை 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ளது. சமூக ஊடகம் அப்பட்டியலில் சேர்க்கப்படவில்லை. ஆகவே சிறிது அதிகமாகப் பார்க்கும் பிள்ளையை ‘பைத்தியம் பிடித்துவிட்டது’ என்று ஏசுவது அறியாமை. அவள் எதை மறக்கக் கைபேசியை எடுக்கிறாள் என்று முதலில் கேட்க வேண்டும். தோல்வியா, வீட்டில் சண்டையா, பேச ஆளில்லாத குறையா?

சொல்ல முடியாத பிள்ளை

இனி நான் சொல்லப்போவது சற்றுக் கசப்பானது. பெற்றோரும் படிக்கும் மலர் இது என்பதால்தான் சொல்லத் துணிகிறேன்.

2016 ஜூன் மாதம், அண்டை மாவட்டமான சேலத்தில், பட்டம் பெற்ற ஓர் இளம்பெண்ணின் முகத்தை வேறு உடலோடு ஒட்டி ஆபாசமாக மாற்றிய படங்கள் முகநூலில் போடப்பட்டன. அவர் அவற்றை யாருக்கும் அனுப்பவில்லை. வீட்டார் காவல்துறையில் புகார் கொடுத்தனர். படங்கள் உடனே அகற்றப்படவில்லை. மீண்டும் ஒரு படம் வந்தது. அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். படம் போட்டவர் பின்னர் கைது செய்யப்பட்டார். விசாரணையில் ஏற்பட்ட தாமதத்துக்காக மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். அந்தப் பெண் எழுதிவைத்த கடிதத்தில் அவரை அதிகம் வாட்டியதாகத் தெரிந்தது படமன்று. பெற்றோரே தம்மை நம்பவில்லையே என்ற எண்ணம்.

அதை அவர் அப்படி உணர்ந்தார். பெற்றோர் உண்மையில் அவரை எவ்வளவு நேசித்தார்கள் என்பதை நாம் அளக்க முடியாது. அவர்களைக் குறை சொல்லவும் நமக்கு உரிமையில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் இது பேசப்பட வேண்டும். இன்று செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. பள்ளி விழாவில் எடுத்த குழுப்படம் ஒன்று போதும், போலிப் படம் செய்துவிடலாம். ‘நீ ஒழுங்காக இருந்தால் உனக்கு ஏன் வருகிறது?’ என்ற கேள்விக்கு இனிப் பொருளே இல்லை.

நம் மாவட்டத்துப் பெண்பிள்ளை ஒருத்திக்கு அப்படி ஒரு மிரட்டல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவள் மனத்தில் ஓடும் கணக்கு எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொன்னால் கைபேசி போகும். அப்பாவுக்குத் தெரிந்தால் அடி விழும். மாமாவுக்குத் தெரிந்தால் படிப்பு நிற்கும். ஊருக்குத் தெரிந்தால் அடுத்த முகூர்த்தத்தில் கலியாணம். பதினெட்டு வயதுக்கு முன் மணம் முடிப்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரியது என்றாலும், அது இன்னும் ஒழியாத மாவட்டங்களுள் நம்முடையதும் ஒன்றல்லவா? ஆகவே அவள் வாயை மூடிக்கொள்கிறாள். மிரட்டுகிறவனுக்கும் இந்தக் கணக்கு தெரியும். அவன் கையிலுள்ள படத்தைவிட, அவள் வீட்டில் சொல்ல மாட்டாள் என்ற நம்பிக்கையே அவனுக்குப் பெரிய ஆயுதம்.

அந்த ஆயுதம் முறிந்ததையும் நாம் பார்த்தோம். பொள்ளாச்சியில் பெண்களிடம் நட்பாகப் பழகி, நம்பவைத்து, படமெடுத்து மிரட்டி வந்த ஒரு கூட்டத்தின் செயல் 2019 பிப்ரவரியில் ஒரு மாணவி வீட்டில் சொன்னதாலும், வீட்டார் அவள் பக்கம் நின்று புகார் கொடுத்ததாலும் வெளிவந்தது. அவளுடைய அடையாளத்தைக் காவல்துறையினரே வெளியிட்டுவிட்ட கொடுமையும் நடந்தது. இருந்தும் அவள் பின்வாங்கவில்லை. வேறு பெண்களும் சாட்சி சொன்னார்கள். 2025 மே 13-ஆம் நாள் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறைத்தண்டனை விதித்தது. ஆறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

சென்ற பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, “எனக்கு எழுத்தே தெரியாது சிஸ்டர், பாப்பா போன்ல என்ன பாக்குதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. செய்தி வந்ததும் முகம் மாறுகிறதா, சாப்பாடு குறைகிறதா, பள்ளிக்குப் போக மறுக்கிறாளா, ஆள் வந்தால் கைபேசியைக் கவிழ்க்கிறாளா என்று பார்த்தால் போதும் என்று தலைமைச் சகோதரி விடை சொன்னார்கள். நான் ஒன்று சேர்த்துச் சொன்னேன். மகள் அழுதுகொண்டு ஏதாவது சொல்ல வந்தால், அன்று இரவு மட்டும் ஏசாதீர்கள். ‘நீ எங்கிட்ட சொன்னது நல்லதாச்சு’ என்ற ஒரு வாக்கியத்தை முதலில் சொல்லுங்கள். எப்படி நடந்தது என்பதை நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம். அவளும் தவறு செய்திருக்கலாம். தானே படத்தை அனுப்பியும் இருக்கலாம். அதைத் திருத்த நாள் இருக்கிறது.

மாணவியரே, யாராவது மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள், மேலும் படம் அனுப்பாதீர்கள். பயத்தில் செய்திகளை அழித்துவிடாதீர்கள், அவைதாம் சான்று. திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு கணக்கை முடக்குங்கள். இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் 1930. பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களைத் தேசிய இணையக் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலும் பதியலாம். அந்தரங்கப் படம் பற்றி முறையிட்டால் நிறுவனங்கள் 24 மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு விதிகள் கெடு வைத்தன. ‘டேக் இட் டவுன்’ என்ற அமெரிக்க நாட்டுச் சேவை பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு உரியது. படத்தை யாருக்கும் அனுப்பாமலே அதன் எண் அடையாளத்தை மட்டும் கொடுத்து, முகநூல், இன்ஸ்டாகிராம் போன்றவற்றில் அது பரவாமல் தடுக்கலாம். போக்சோ சட்டம் 2012 முதல் நடைமுறையில் உள்ளது. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரை ஊடகத்தில் வெளியிடுவது அதன்படி குற்றம்.

மிரட்டல் ஒன்றும் இல்லாமலே மனம் இருண்டு கிடந்தால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். ‘டெலி மானஸ்’ என்ற பெயரில் 2022 அக்டோபரில் மைய அரசு தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். குழந்தைகளுக்கான 1098-உம் அப்படியே. இந்த மூன்று எண்களையும் பள்ளி நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் இவ்வாண்டு அச்சிட்டிருக்கிறோம். விடுதி மாணவியர் அலுவலகத் தொலைபேசியிலிருந்து பேசலாம். யாருக்குப் பேசுகிறாய் என்று அருகில் இருப்பவர் கேட்கக் கூடாது என்று தலைமைச் சகோதரி சொல்லியிருக்கிறார்கள்.